எல்லா டெஸ்டும் நார்மல், ஆனால் உடம்பு மட்டும் சரியில்லை

வைகைக்கரை:

வணக்கம். பல மாதமாக இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன். நீளமாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 43 வயது. மாமியாருக்கு மறதி நோய் வந்து இரண்டரை வருடம் ஆகிறது. பகலில் பரவாயில்லை, ராத்திரிதான் கஷ்டம். ஒரு மணி, இரண்டரை, நாலு என்று எழுந்து வாசல் கதவின் தாழ்ப்பாளை இழுப்பார், "எங்க வீட்டுக்குப் போகணும், கதவைத் திற" என்பார். அவரைக் கூட்டி வந்து, தண்ணீர் கொடுத்து, படுக்க வைத்துவிட்டு நான் படுத்தால் தூக்கம் வராது. இப்போதெல்லாம் தாழ்ப்பாள் சத்தமே இல்லாத ராத்திரியிலும் சரியாக ஒரு மணிக்கு விழிப்பு தட்டிவிடுகிறது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது.

ஆறு மாதமாக ஒன்று மாற்றி ஒன்று. தலைமுடி சீப்பில் கொத்தாக வருகிறது. சாப்பிட்டவுடன் வயிறு கலங்குகிறது. காலையில் எழுந்தால் தாடை வலி, கன்னத்தை அழுத்தினால் வலிக்கிறது. மாதவிலக்கு இரண்டு மாதம் தள்ளிப் போகிறது. போன மாதம் அரிவாள்மனையில் மாங்காய் நறுக்கும்போது ஆள்காட்டி விரலில் லேசாக வெட்டிக்கொண்டேன், பெரிய காயம்கூட இல்லை, அது ஆற நாலு வாரம் ஆனது. சர்க்கரை இருக்குமோ என்று பயந்து போய் பார்த்தேன். மூன்று மாத சர்க்கரை 5.5. ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தார்கள், எல்லாம் சரி. பிரஷர் 132க்கு 84. டாக்டர் பேப்பரை மடித்துக் கொடுத்துவிட்டு, "ஒண்ணும் இல்லைம்மா, எல்லாம் டென்ஷன்தான், டென்ஷன் ஆகாம இருங்க" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் இவரும், "அதான் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்களே, அப்புறம் என்ன" என்கிறார். கோபமாகச் சொல்லவில்லை, நிம்மதியாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்றும் இல்லை என்றால் இந்த முடியும் இந்த விரலும் இந்த வயிறும் என்ன? நான் கற்பனை செய்துகொள்கிறேனா?

பழைய_தபால்காரர்:

தங்கச்சி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு 71 வயது. எங்கள் அம்மா எட்டுப் பிள்ளை பெற்று, படுத்த படுக்கையாக இருந்த எங்கள் பாட்டியையும் ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டார்கள். ஸ்ட்ரெஸ் என்ற சொல்லே அவர்களுக்குத் தெரியாது. இப்போது எதற்கெடுத்தாலும் அந்தச் சொல்லைச் சொல்கிறோம். மனதைத் திடமாக வைத்துக்கொண்டால் உடம்பு தன்னால் சரியாகும் என்பது என் அனுபவம்.

பாடம்_எடுப்பவன்:

அக்கா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எதையும் கற்பனை செய்துகொள்ளவில்லை. நான் டாக்டர் இல்லை, நர்சிங் மாணவர்களுக்கு உடலியங்கியல் பாடம் எடுக்கிறேன். உங்கள் டாக்டர் சொன்ன "டென்ஷன்" என்ற சொல்லில் தப்பில்லை, அதற்கு முன்னால் "ஒண்ணும் இல்லை" என்று சேர்த்தாரே, அதுதான் தப்பு.

ராத்திரி பத்து மணிக்கு வண்டியில் போகும்போது தெருநாய் குரைத்துக்கொண்டு துரத்துகிறது என்று வையுங்கள். அந்த ஒரு நொடியில் மூளை முடிவெடுத்துவிடுகிறது. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்கு நரம்பு வழியாகக் கட்டளை போய், அட்ரினலின் இரத்தத்தில் இறங்குகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, ஈரல் தன் கையிருப்புச் சர்க்கரையை வெளியே விடுகிறது, இரைப்பையில் இருந்து இரத்தம் விலகித் தொடைக்கும் கைக்கும் போகிறது, வாய் வறண்டுவிடுகிறது. வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று நாம் சொல்வது வெறும் பேச்சு இல்லை, அந்த நேரத்தில் குடலில் நடப்பதை அப்படியே சொல்கிற சொல். ஓடு அல்லது எதிர்த்து நில் என்று உடம்பு செய்யும் இந்த ஏற்பாட்டை நூறு வருடத்துக்கு முன்பே ஹார்வர்டில் வால்டர் கேனன் விவரித்துவிட்டார்.

இரண்டாவது கட்டளை மெதுவாகப் போவது. மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ், அங்கிருந்து பிட்யூட்டரி, அங்கிருந்து அட்ரீனலின் வெளிப்பகுதி, கடைசியில் கார்டிசால் என்ற ஹார்மோன். இது உச்சத்துக்குப் போக இருபது முப்பது நிமிடம் ஆகும். சண்டை நீண்டால் தாக்குப்பிடிக்கச் சர்க்கரையைத் தொடர்ந்து கொடுப்பது, எதிர்ப்புச் சக்தி உண்டாக்கும் வீக்கத்தை அடக்கி வைப்பது, இனப்பெருக்கம் போன்ற அவசரமில்லாத வேலைகளைத் தள்ளிப் போடுவது எல்லாம் அதன் பொறுப்பு.

நாய் திரும்பிப் போனதும் எல்லாம் அடங்கிவிட வேண்டும். உடம்பு அப்படித்தான் அமைந்திருக்கிறது. உங்கள் வீட்டில் அந்த நாய் தினமும் ஒரு மணிக்கும் இரண்டரைக்கும் நாலுக்கும் வருகிறது, அதுவும் இரண்டரை வருடமாக. தாழ்ப்பாள் சத்தம் இல்லாத நாளிலும் உடம்பு அந்த நேரத்துக்குத் தயாராக எழுந்து நிற்கிறது என்றால், அது பழகிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம்.

1936இல் ஹான்ஸ் செல்யே என்பவர் கனடாவின் மாண்ட்ரியாலில் இருந்து நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். எலிகளைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவுக்கு மீறி ஓட வைத்தாலும், உள்ளே அறுத்துப் பார்த்தால் ஒரே மூன்று மாற்றம்: அட்ரீனல் பெருத்திருக்கிறது, எதிர்ப்புச் சக்திக்கான தைமஸ் சுரப்பி சுருங்கியிருக்கிறது, இரைப்பையில் புண். தொந்தரவு எதுவாக இருந்தாலும் உடம்பின் பதில் ஒன்றாக இருக்கிறது என்பதைத்தான் அவர் பிடித்தார். ஸ்ட்ரெஸ் என்ற சொல் மருத்துவத்தில் பரவியது பெரும்பாலும் அவரால்தான்.

இப்போது உங்கள் விரலுக்கு வருகிறேன். 1995இல் அமெரிக்காவின் ஒஹையோவில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் ஒரு ஆய்வு செய்தார்கள். மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் 13 பேர், அதே வயதில் அந்தப் பொறுப்பு இல்லாத பெண்கள் 13 பேர். எல்லோருக்கும் முன்கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரி சின்னக் காயம். பராமரிக்கும் பெண்களுக்கு அது ஆற சராசரியாக ஒன்பது நாள் அதிகம் ஆனது. காயம் ஆற முதலில் கொஞ்சம் சிவப்பும் வீக்கமும் வர வேண்டும், அதற்கான ரசாயனச் செய்தியை அனுப்பும் வேலை அவர்கள் இரத்த அணுக்களில் மந்தமாக இருந்தது. படித்தபோது எனக்கு இது ஒரு எண்தான். இன்று உங்கள் பதிவைப் படித்ததும் அந்த 13 பேரும் யார் என்று தெரிந்த மாதிரி இருந்தது.

நெல்லை_பல்_டாக்டர்:

தாடை வலி பற்றி மட்டும் சொல்கிறேன், அது என் பக்கம். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள். பக்கத்தில் படுப்பவருக்கு நறநறவென்று கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம், சிலர் அரைக்காமல் இறுக்கிக் கடிப்பார்கள், அதில் சத்தமே வராது. கண்ணாடி முன் நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். கன்னத்தின் உள்பக்கம் பல் வரிசைக்கு நேராக வெள்ளையாக ஒரு கோடு ஓடுகிறதா? நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தழும்பு வரிசையாக இருக்கிறதா? கடைவாய்ப் பல்லின் மேடுகள் தேய்ந்து தட்டையாகிவிட்டதா?

என்னிடம் "சொத்தை இருக்கு டாக்டர், எடுத்துடுங்க" என்று வருகிறவர்களில் பலருக்குச் சொத்தையே இருக்காது, கன்னத்துத் தசை கல் மாதிரி இறுகியிருக்கும். கஷ்டத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினேன் என்று சொல்கிறோமே, அதை நிஜமாகவே ராத்திரி முழுக்கச் செய்கிறார்கள். பல்லுக்கு உறை மாதிரி ஒன்று செய்து கொடுப்போம், அது தேய்மானத்தைத் தடுக்கும், கடிப்பதை நிறுத்தாது. பகலில் வேலைக்கு நடுவே கவனியுங்கள்: உதடு மூடியிருக்கலாம், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக் கூடாது.

கோவை_ராணி:

எனக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இழையைப் படித்துவிட்டு யாரும் "சரி, ஸ்ட்ரெஸ்தான்" என்று உட்கார்ந்துவிடக் கூடாது.

எனக்கும் படபடப்பு, தூக்கம் இல்லை, முடி கொட்டல், வயிற்றுப்போக்கு. வேலையிலும் அப்போது பிரச்சனை இருந்ததால் நான் உட்பட எல்லோரும் டென்ஷன் என்றே முடிவு கட்டிவிட்டோம். பத்து மாதத்தில் எட்டு கிலோ குறைந்தேன். வேறொரு டாக்டர் என்னை இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் ஓரம் படபடவென்று ஆடியது. இரத்தம் எடுத்துப் பார்த்தால் தைராய்டு அளவுக்கு மேல் சுரக்கிறது. மருந்து ஆரம்பித்து மூன்று மாதத்தில் வேறு ஆளாகிவிட்டேன்.

வைகைக்கரை, உங்களுக்குத் தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் டெஸ்ட் பார்த்தார்களா? ஹீமோகுளோபின் பார்த்தார்களா? பார்க்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

பாடம்_எடுப்பவன்:

ராணி அவர்கள் சொன்னதை நான்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஸ்ட்ரெஸ் என்பது மற்றதை எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் சொல்ல வேண்டிய சொல். 43 வயதில் மாதவிலக்கு தள்ளிப் போவதற்கு வயதுகூடக் காரணமாக இருக்கலாம், அதையும் ஒரு பெண் டாக்டரிடம் கேளுங்கள். இன்னொன்று, பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் இடது நெஞ்சுவலியாக வராது. மூச்சுத் திணறல், தாடை வலி, முதுகு வலி, குளிர்ந்த வியர்வை என்றும் வரும். நடந்தால், படி ஏறினால் தாடை வலி கூடுகிறது என்றால் அது பல் கடிப்பதால் வருவது என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம்.

ஷிஃப்ட்_பையன்:

அண்ணா, ஒரு சந்தேகம். நான் நைட் ஷிஃப்ட், மூன்று வருடமாக. "கார்டிசால் டெஸ்ட் பேக்கேஜ்" என்று போனில் விளம்பரம் வந்துகொண்டே இருக்கிறது, கூடவே அஸ்வகந்தா மாத்திரையும். எடுக்கலாமா? அல்சரும் இருக்கிறது, டென்ஷனால்தான் என்று சொன்னார்கள்.

பாடம்_எடுப்பவன்:

தம்பி, கார்டிசால் நாள் முழுக்க ஏறி இறங்கும். விழித்தெழுந்த அரை மணி நேரத்தில் உச்சம், நடுராத்திரியில் அடிமட்டம். நீ பகலில் தூங்குகிறவன், உனக்கு அந்தக் கணக்கே இடம் மாறியிருக்கும். ஒரு தடவை ஊசி குத்தி எடுத்த ஒரு எண்ணை வைத்து உன் மன உளைச்சலை யாராலும் அளக்க முடியாது. அந்த டெஸ்ட் குஷிங், அடிசன் போன்ற சுரப்பி நோய்களைச் சந்தேகப்படும்போது டாக்டர் நேரம் பார்த்து எழுதித் தருவது. "அட்ரீனல் களைத்துவிட்டது" என்று விற்கிறார்களே, அப்படி ஒரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் ஏற்பதில்லை. அஸ்வகந்தாவால் அபூர்வமாக ஈரல் பாதிப்பு வந்தது பதிவாகியிருக்கிறது, தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தொடவே கூடாது, மற்றவர்களும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

அல்சர் விஷயத்தில் நாமெல்லாம் ரொம்ப நாள் ஏமாந்திருக்கிறோம். பாதி நூற்றாண்டு அது டென்ஷன் நோய் என்றே சொல்லப்பட்டது. ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். யாரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. வலி மாத்திரையாலும் புண் வரும். ஸ்ட்ரெஸ் ஆறவிடாமல் செய்யலாம், ஆனால் நீ முதலில் கிருமிக்குப் பரிசோதனை செய், இருந்தால் இரண்டு வார மருந்தில் தீர வாய்ப்பிருக்கிறது.

பனியன்_கம்பெனி_அக்கா:

டென்ஷன் என்றால் முதலாளிக்கும் மேனேஜருக்கும் வருவது என்றுதான் எங்கள் லைனில் பேசுவார்கள். எனக்கு ஓவர்லாக் மெஷின். பீஸ் எண்ணிக்கை குறைந்தால் மைக்கில் பெயர் வரும். பாத்ரூம் போகவும் சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழ வேண்டும். கழுத்தில் இருந்து தோள்பட்டை வரை கயிறு முறுக்கின மாதிரி வலி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே தலைவலி. எங்களுக்கெல்லாம் ஸ்ட்ரெஸ் என்று சொல்லிக்கொள்ள உரிமை இருக்கிறதா?

பாடம்_எடுப்பவன்:

உங்களுக்குத்தான் அக்கா முதல் உரிமை. இங்கிலாந்தில் 1967இல் லண்டன் அரசு ஊழியர்கள் சுமார் 18,000 ஆண்களை எடுத்துப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள், வைட்ஹால் ஆய்வு என்று பெயர். மைக்கேல் மார்மட் என்ற ஆய்வாளர் அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். எல்லோரும் எதிர்பார்த்தது மேலதிகாரிகளுக்குத்தான் மாரடைப்பு அதிகம் என்று. வந்தது நேர் எதிர். கடைநிலையில் இருந்தவர்கள் இதய நோயால் இறந்தது மேல்மட்டத்தைவிட மூன்று மடங்குக்கு மேல். புகை, பிரஷர், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் கழித்தாலும் பெரிய இடைவெளி மிச்சம் இருந்தது. பின்னால் வந்த ஆய்வில், செய்யும் வேலையில் தன் கையில் எதுவும் இல்லாத நிலை அதில் முக்கியமான காரணமாகத் தெரிந்தது. எப்போது எழலாம், எப்படிச் செய்யலாம் என்று தானே முடிவு செய்ய முடியாதவர்கள்.

வைகைக்கரை அக்காவுக்கும் அதுதான். மாமியார் எப்போது எழுவார் என்பது அக்கா கையில் இல்லை.

ஓய்வுபெற்ற_ஸ்டாஃப்_நர்ஸ்:

36 வருடம் வார்டில் இருந்தவள், அந்த உரிமையில் சொல்கிறேன் கண்ணு. நோயாளி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் தனியாக ஒரு கேஸ் ஷீட் போட வேண்டும் என்று நான் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அட்டெண்டர் பாஸ் கொடுப்பார்கள், அவளுக்கு ஒருதரம் பிரஷர்கூடப் பார்க்க மாட்டார்கள்.

டென்ஷன் ஆகாதே என்று உன்னிடம் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. ராத்திரியைப் பிரி. மருந்தைவிட முக்கியம் அது. வாரத்தில் இரண்டு ராத்திரியாவது வேறு ஒருவர் அந்த அறையில் படுக்க வேண்டும், நீ கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு அறையில் படுக்க வேண்டும், தாழ்ப்பாள் சத்தம் காதில் விழாத அறையில். உதவி செய்யவா என்று கேட்பவர்களிடம் பரவாயில்லை என்று சொல்லாதே. "செவ்வாய் ராத்திரி வாங்க" என்று கிழமை சொல்லிக் கேள்.

மாமியாரின் ராத்திரி நடமாட்டத்தைக் குறைக்கவும் வழி இருக்கிறது. பகல் தூக்கத்தைக் குறை, காலை வெயிலில் அரை மணி நேரம் திண்ணையில் உட்கார வை, சாயங்காலத்துக்கு மேல் காப்பி வேண்டாம். ஒரு மணிக்கு எழுகிறார் என்றால் மூத்திரம் முட்டுகிறதா என்று பார், பல பேர் அதைச் சொல்லத் தெரியாமல்தான் வீட்டுக்குப் போகணும் என்பார்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரை அரசாங்கத்தில் வாங்குகிறார் என்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டு வந்து தருவார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடு, ஒரு அலைச்சல் மிச்சம்.

படபடப்பு வந்து விழித்தால்: எழுந்து உட்கார், மூக்கால் நாலு எண்ணும்வரை மூச்சை இழு, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடு. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். மூச்சை விடும்போதுதான் இதயம் வேகம் குறையும், நாடியைத் தொட்டுப் பார்த்தால் உனக்கே தெரியும். ஐந்து நிமிடம் போதும். மனசு ரொம்பக் கனத்துப் போனால், வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால், 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. வேறு யாரிடமும் சொல்ல முடியாததை அங்கே சொல்லலாம்.

பழைய_தபால்காரர்:

மேலே நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். இரண்டு நாளாக எங்கள் அம்மா ஞாபகமாகவே இருந்தது.

அவர்களுக்கு எப்போதும் தலைவலி இருந்தது. நெற்றியில் சுக்குப் பற்று போட்டு, முந்தானையைக் கிழித்து இறுக்கக் கட்டிக்கொண்டுதான் அடுப்பு ஊதுவார்கள். எங்களுக்கு அது அம்மாவின் முகம், அவ்வளவுதான். வலி என்று யாரும் நினைக்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பாட்டி இறந்த மறு வருடம் முடி முழுக்க மெலிந்துபோனது. 58 வயதில் போய்விட்டார்கள். சொல் தெரியவில்லை என்பதால் அது இல்லை என்று எழுதிவிட்டேன். தங்கச்சி, மன்னித்துக்கொள்.

வைகைக்கரை:

ஐயா, மன்னிப்பெல்லாம் வேண்டாம். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இவரும் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். இந்த இழை முழுவதையும் அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருந்தேன்.

ஐந்து வாரம் ஆகிவிட்டது, அதனால் எழுதுகிறேன். ராணி சொன்னபடி கேட்டு இரத்தம் எடுத்தேன். டிஎஸ்ஹெச் 2.8, சரியாக இருக்கிறது. ஹீமோகுளோபின் 9.4. இத்தனை டெஸ்டில் இதை யாரும் பார்க்கவில்லை. இரும்பு மாத்திரை எழுதியிருக்கிறார்கள், படபடப்பில் பாதி இதனாலும் இருக்கலாம் என்றார்கள். கன்னத்தில் வெள்ளைக் கோடு இருக்கிறது டாக்டர், இரண்டு பக்கமும்.

செவ்வாயும் சனியும் ராத்திரி இவர் அம்மா அறையில் படுக்கிறார். மாதத்தில் ஒரு வாரம் கொழுந்தனார் வருவதாகச் சொல்லி, ஒரு தடவை வந்தும் விட்டார். முதல் செவ்வாய் எனக்குத் தூக்கமே வரவில்லை, காது அந்தப் பக்கமே இருந்தது. மூன்றாவது செவ்வாய் பத்தரைக்குப் படுத்தவள் ஐந்தே முக்காலுக்குத்தான் எழுந்தேன். அன்று காலையில் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபோது எனக்கே அடையாளம் தெரிந்தது. முடி இன்னும் கொட்டுகிறது.

நர்ஸ் அம்மா, மாத்திரை போட்டதில் இருந்து வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. நிறுத்தலாமா?

ஓய்வுபெற்ற_ஸ்டாஃப்_நர்ஸ்:

நிறுத்தாதே. கறுப்பாகப் போவது இரும்பால்தான், ஆனால் தார் மாதிரி பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு போனால் உடனே டாக்டரிடம் காட்டு. வெறும் வயிற்றில் பிரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடு. டீ, காப்பி, பால் எதுவும் முன்னும் பின்னும் இரண்டு மணி நேரத்துக்கு வேண்டாம். நெல்லிக்காயோ எலுமிச்சை ஜூஸோ சேர்த்துக்கொள். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். முடி இரண்டு மூன்று மாதம் முன்னால் பட்ட கஷ்டத்துக்குத்தான் இப்போது கொட்டுகிறது, நின்று திரும்ப முளைக்க ஆறு மாதம் ஆகும், அதற்குள் எண்ணெய் எண்ணெயாக மாற்றிப் பணத்தைக் கொட்டாதே.

வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு யாரையாவது கேட்டாயா?